டாஃப்னியாவின் முதுகில் ஒட்டியிருப்பது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஞாயிறு காலைதோறும் ஒரு நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். கல்லூரி ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த கை சும்மா இருக்க மறுக்கிறது. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் முதலில் வந்தார்கள். பிறகு அவர்களுடைய பெற்றோர், மீன்தொட்டி வளர்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள். ஏரித் தண்ணீர், தாமரைத் தொட்டித் தண்ணீர், சம்ப் தண்ணீர் என்று ஆளுக்கொரு பாட்டிலோடு வருகிறார்கள். அதில் நீந்தும் டாஃப்னியா என்ற சிற்றுயிரை நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இதன் முதுகில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன?"

அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

டாஃப்னியா, சைக்ளாப்ஸ் என்கிறீர்களே, அவை பூச்சிகளா? எனக்கு எல்லாமே வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிகின்றன.

பூச்சிகள் அல்ல. இறால், நண்டு ஆகியவற்றின் தூரத்து உறவினர். பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளர்பவை. பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, நீந்தும் விதத்தைப் பாருங்கள். துள்ளி மேலேறி, மெல்ல இறங்கி, மறுபடி துள்ளுவது டாஃப்னியா வகை. தெள்ளுப்பூச்சிபோல் துள்ளுவதால்தான் அதற்கு நீர்த்தெள்ளு என்று பெயர். ஓரிடத்தில் நின்று, சட்டென்று பாய்ந்து, மறுபடி நிற்பது சைக்ளாப்ஸ். தலையின் நடுவே ஒற்றைக் கண், பின்னால் வால். கேழ்வரகு மணிக்குக் கால் முளைத்ததுபோல் அடியில் உருண்டு திரிவது ஆஸ்ட்ரகாட்.

டாஃப்னியா என்று சொல்லி என்னிடம் கொண்டுவருவதில் பெரும்பங்கு மொய்னாதான். அழுக்குச் சேர்ந்த தண்ணீரிலும் செழிக்கும் சிறிய உறவினர் அது. டாஃப்னியாவுக்கு முகத்தில் அலகுபோல் ஒரு கூர்மை உண்டு, ஓட்டின் பின்முனையில் பெரும்பாலும் ஒரு முள்ளும் உண்டு. மொய்னாவுக்கு இரண்டும் இல்லை. எது எதன்மேல் ஒட்டியிருந்தது என்று எழுதும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

ஒட்டியிருந்தால் ஒட்டுண்ணிதானே? என் மீன்களுக்குப் போட்டால் மீனுக்கும் ஒட்டிவிடாதா?

ஒட்டுண்ணி என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: ஒட்டிக்கொண்டு, ஒட்டிய உடலையே உண்பது. நாம் இங்கே பார்ப்பவற்றில் பெரும்பாலானவை ஒட்டும், உண்ணாது. டாஃப்னியாவின் ஓட்டை உட்கார இடமாக மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றியிருக்கும் தண்ணீரிலிருந்து பாக்டீரியாவைப் பிடித்துத் தின்னும். பச்சையாக இருப்பவை வெயிலில் தாமே உணவு தயாரிக்கும். அதனால் இவற்றை ஒட்டுயிர் என்றே சொல்கிறேன். உண்மையான ஒட்டுண்ணிகளும் உண்டு, அவை பின்னால் வரும்.

மீன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எபிஸ்டைலிஸ் என்ற ஒட்டுயிர், அழுக்கு மிகுந்த தண்ணீரில் நலிந்த மீனின் மேலும் குடியேறும். மொய்னாவெல்லாம் பஞ்சு போர்த்தியதுபோல் இருந்தால், அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றாதீர்கள். வலையில் வடித்து, சுத்தமான தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

மேடம், வெள்ளை உருண்டைகள் தெரிகின்றன. முட்டையா, ஒட்டுயிரா?

எனக்கு வரும் கைபேசிப் படங்களில் பாதி இதுதான். டாஃப்னியாவின் முட்டைகள் முதுகுப்பக்கம் ஓட்டுக்கும் உடலுக்கும் நடுவே ஓர் அறையில் இருக்கும். ஓட்டுக்கு உள்ளே, ஒரே அளவில், நெருக்கமாக. பிறக்கும் நாள் நெருங்கினால் ஒவ்வொன்றிலும் கண்ணின் கரும்புள்ளி தெரியும். சில சமயம் முதுகில் குதிரைச் சேணம்போல் கருத்த ஒரு பை இருக்கும். வறட்சியைத் தாங்கும் ஓய்வு முட்டைகளின் உறை அது. சைக்ளாப்ஸ் பெண்ணுக்கு வாலின் இருபுறமும் திராட்சைக் கொத்துபோல் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். அதன் உறவான டயாப்டமஸுக்கு அடியில் ஒரே பை. டயாப்டமஸ் பெண்ணின் வாலடியில் சிறிய குப்பிபோல் ஒன்று ஒட்டியிருந்தால், அது ஆண் ஒட்டிவிட்டுப் போன விந்துப்பை.

பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் வழி இது: இடமும் வலமும் ஒத்திருந்தால் அது விலங்கின் சொந்த உறுப்பு. ஒருபக்கம் நான்கு, மறுபக்கம் ஒன்று, தலையில் இரண்டு என்று சிதறியிருந்தால் அது வெளியிலிருந்து வந்து அமர்ந்தது.

எந்த நுண்ணோக்கி வாங்க வேண்டும்?

பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியே போதும். 10 மடங்கு கண்ணருகு லென்ஸ், 4, 10, 40 மடங்கு பொருளருகு லென்ஸ்கள். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் இந்த வேலைக்கு வேண்டாம், உயிருள்ள டாஃப்னியாவின் தடிமனுக்கு அது ஒத்துவராது. மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பிலும் மணிகளையும் காம்புகளையும் பார்க்கலாம். ஆனால் ஓடும் விலங்கைத் தொடர்ந்து பார்ப்பது அதில் சிரமம்.

அளவை மதிப்பிட ஒரு கணக்கு. கண்ணருகு லென்ஸில் 18 என்று புல எண் பொறித்திருந்தால், அதைப் பொருளருகு லென்ஸின் மடங்கால் வகுங்கள். 10 மடங்கில் தெரியும் வட்டத்தின் குறுக்களவு 1.8 மில்லிமீட்டர், 40 மடங்கில் 0.45 மில்லிமீட்டர். ஒட்டியிருப்பது அந்த வட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று பார்த்தால் அளவு கிடைத்துவிடும்.

ஆன்ட்டி, அது ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

கொல்லாமல் நிறுத்த வேண்டும் என்பதுதான் முக்கியம். ஏன் என்பது அடுத்த பதிலில் தெரியும். நான் செய்வது இப்படி. உள்ளங்கையில் சிறிது வாசலின் தடவிக்கொண்டு, கவர் சிலிப்பின் (சொட்டை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டின்) நான்கு மூலைகளையும் அதில் ஒவ்வொன்றாக இழுக்கிறேன். மூலைக்கு ஒரு கடுகளவு வாசலின் ஏறினால் போதும், அது கவர் சிலிப்புக்குக் கால்போல் நிற்கும். சிலைடில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு டாஃப்னியாவை விட்டு, கால்கள் கீழே வரும்படி கவர் சிலிப்பை வைக்கிறேன். பிறகு 4 மடங்கில் பார்த்துக்கொண்டே, பல்குத்தும் குச்சியால் மூலைகளை மாற்றி மாற்றி மெல்ல அழுத்துகிறேன். விலங்கு பக்கவாட்டில் சாய்ந்து, நீந்தும் கொம்புகள் அசையும்போதும் உடல் நகராமல் நிற்கும் கணம் ஒன்று வரும். அங்கே நிறுத்த வேண்டும். இதயம் துடிப்பது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

வாசலின் இல்லையென்றால் பஞ்சிலிருந்து நாலைந்து இழைகளைப் பிரித்துச் சொட்டுக்குள் வைத்தால், விலங்கு அதில் சிக்கி நிற்கும். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் மயங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் ஒட்டுயிர்களும் சுருண்டுவிடும் என்பதால் நான் அதை விடுவதில்லை. வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். விளக்கு முழுவீச்சில் எரிந்தால் கண்ணாடிபோன்ற இந்த உயிர்கள் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், சொட்டும் சூடாகும்.

நிறுத்திவிட்டேன். பெயர் கண்டுபிடிக்க எங்கிருந்து தொடங்குவது?

பெயரை மறந்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். பிறகு பென்சிலின் பின்பக்கத்தால் நுண்ணோக்கியின் மேடையை ஒருமுறை மெல்லத் தட்டுங்கள். என்ன நடந்தது என்பதுதான் முதல் அடையாளம். சுருண்டதா, மடங்கியதா, தலையாட்டியதா, அசையவே இல்லையா? உருவத்தைப் பார்த்துப் பெயர் சொன்னால் பத்தில் ஐந்து தவறும். நடத்தையைப் பார்த்தால் வகை தானே பிரிந்து வரும். அதற்காகத்தான் உயிரோடு வேண்டும் என்றேன்.

அடுத்து நிறம். நிறமற்றதா, புல்பச்சையா, பொன்பழுப்பா? அடுத்து, காம்பு இருக்கிறதா, அது கிளைக்கிறதா? கடைசியாக, நுனியில் என்ன இருக்கிறது: சுழலும் மயிர்களா, அசையாத குச்சிகளா, ஒன்றுமே இல்லையா? இந்த நான்கையும் எழுதிய பிறகு கீழே உள்ள பதில்களுக்கு வாருங்கள்.

மணிபோல இருக்கிறது, காம்பும் இருக்கிறது. வார்ட்டிசெல்லா என்று எழுதிவிடலாமா?

பாடப்புத்தகத்தில் நமக்குத் தெரிந்த மணி அது ஒன்றுதான் என்பதால் எல்லா மணியும் வார்ட்டிசெல்லா ஆகிவிடுகிறது. நுண்ணுயிர்களை முதலில் கண்டு எழுதிய டச்சுக்காரர் லேவன்ஹுக் 1676-இல் எழுதிய கடிதத்திலேயே இதன் காம்பு சுருங்கி நீள்வதை வியந்திருக்கிறார். ஆனால் மணி உருவம் ஒரு பெரிய குடும்பத்துக்கே பொது. வாய் விளிம்பில் குறுஇழைகள் (மயிர்போன்ற நுண்ணிய இழைகள்) வட்டமாகச் சுழன்று தண்ணீரை வாய்க்கு இழுக்கும் உயிர்களின் குடும்பம் அது. எனவே மேடையைத் தட்டிவிட்டுக் காம்பைப் பாருங்கள்.

காம்பு ஸ்பிரிங்போல் சுருண்டு மணியைக் கீழே இழுத்து, பிறகு நிதானமாக நீண்டால், கிளையும் இல்லாவிட்டால், அது வார்ட்டிசெல்லா. சுருளும் வேகம் ஆயிரத்தில் சில நொடிகள், நீள்வதற்குச் சில நொடிகள். காம்புக்குள் ஓடும் ஓர் இழையைக் கால்சியம் சுருக்குகிறது. கூர்ந்து பார்த்தால் அந்த இழை தெரியும். நூறு வார்ட்டிசெல்லா பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒவ்வொன்றின் காம்பும் ஓட்டில் தனித்தனியே ஊன்றியிருக்கும். அது தோப்பு. ஒரே அடிமரத்திலிருந்து கிளைத்திருந்தால் அது மரம், வேறு பேரினம்.

மரமாக இருந்தால் மறுபடி தட்டுங்கள். ஒவ்வொரு மணியும் தன்பாட்டுக்குத் தனித்துச் சுருண்டால் கார்சீசியம். மரம் முழுவதும் ஒரே நேரத்தில் மடங்கினால் சூதாம்னியம். வீட்டுக்கு வீடு தனிச் சுவிட்ச் இருப்பதற்கும் தெரு முழுவதற்கும் ஒரே மெயின் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. கார்சீசியத்தில் இழை கிளைக்குக் கிளை அறுபட்டிருக்கும், சூதாம்னியத்தில் தொடர்ந்து ஓடும். காம்பு கம்பிபோல் விறைத்து நின்று, மணிகள் மட்டும் வாயைச் சுருக்கினால் எபிஸ்டைலிஸ். அதன் காம்புக்குள் சுருங்கும் இழையே கிடையாது. நம் ஏரிகளின் மொய்னாமேல் நான் அதிகம் கண்டது இதைத்தான். கிளைக்காத, குட்டையான, விறைத்த காம்பில் ஒற்றை மணி இருந்தால் ராப்டோஸ்டைலா. மணி ஒரு கண்ணாடிக் குவளைக்குள் உட்கார்ந்து, தட்டியதும் உள்ளே இறங்கினால் கோத்தூர்னியா வகை.

எனக்கு மணியே தெரியவில்லை. காம்பின் நுனியில் உருண்டைதான் இருக்கிறது.

பயந்து மூடிக்கொண்டிருக்கிறது. சிலைடை எடுத்து வைத்த அதிர்ச்சியில் எல்லாமே சுருங்கியிருக்கும். கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். முதலில் உருண்டையின் உச்சியில் ஒரு சுருக்கம் தெரியும், பிறகு பை வாய் அவிழ்வதுபோல் விரியும், கடைசியில் விளிம்பில் குறுஇழைகள் சுழலத் தொடங்கும். அந்தச் சுழலில் தண்ணீர்த் துகள்கள் வட்டமிட்டு உள்ளே போவதைப் பார்த்த ஏழு வயதுப் பெண் ஒருத்தி அரை மணிநேரம் நாற்காலியை விட்டுக்கொடுக்கவில்லை.

என்னுடையது பச்சையாக இருக்கிறது. பாசிதானே?

பாதி சரி. சைக்ளாப்ஸ், டாஃப்னியாமேல் புல்பச்சை மணிகள் கோத்ததுபோல் இருந்தால் முதலில் கோலேசியத்தை நினையுங்கள். யூக்ளினாவின் நெருங்கிய உறவு அது. முட்டை வடிவச் செல், தலைகீழாக, முன்முனை ஓட்டைப் பார்த்தபடி, வழவழப்பான ஒரு குட்டைக் காம்பில் நிற்கும். ஒவ்வொரு செல்லிலும் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். சில சமயம் ஒன்று காம்பை விட்டுக் கழன்று, சாட்டைபோன்ற கசையிழையை வீசிக்கொண்டு யூக்ளினாபோலவே நீந்திப் போகும். அதைக் கண்டுவிட்டால் வேறு சான்று வேண்டாம்.

காணக் கிடைக்காவிட்டால் அயோடின் உதவும். கவர் சிலிப்பின் ஓரத்தில் ஒரு துளி விட்டு, எதிர்ப்பக்கம் காகிதத்தால் தண்ணீரை உறிஞ்சுங்கள். பச்சைப்பாசியின் உணவுச் சேமிப்பு ஸ்டார்ச் என்பதால் கருநீலமாகும். கோலேசியத்தின் சேமிப்பு பாராமைலான், அது அப்படிக் கருக்காது. கதிர்போல் இரு முனையும் கூர்ந்து, சிவப்புப் புள்ளி இல்லாமல், அயோடினில் கருத்தால் காரேசியம் போன்ற பச்சைப்பாசி.

பச்சையாக இருந்தும் தட்டியதும் சுருண்டால் குழம்பாதீர்கள். உடலுக்குள் பச்சைப்பாசியைக் குடிவைத்திருக்கும் மணியுயிர்களும் உண்டு. வார்ட்டிசெல்லா பற்றிய பதிலில் சொன்ன காம்பு அடையாளங்களே அங்கும் செல்லும்.

உருண்டையில் குண்டூசி குத்தி வைத்ததுபோல் ஒன்று. தட்டினாலும் அசையவில்லை. உயிரோடு இருக்கிறதா?

இருக்கிறது, பசியோடும் இருக்கிறது. அது டோக்கோஃப்ரையா. இரண்டு மூன்று கொத்துகளாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குண்டூசிகள் உறிஞ்சுகுழாய்கள், நுனியில் சிறு குமிழ். வழிதப்பி வரும் வேறொரு குறுஇழை உயிர் அந்தக் குமிழைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். பிறகு அதன் உடல் சாறு குழாய் வழியாகத் துளித்துளியாக இறங்குவதை 40 மடங்கில் கண்ணால் காணலாம். வளர்ந்ததற்குக் குறுஇழையே இல்லை. ஆனால் அதன் உடலுக்குள்ளிருந்து பிறக்கும் குஞ்சுக்கு உண்டு, நீந்திப் போய் வேறு இடத்தில் ஊன்றும்.

எபிஸ்டைலிஸ் மரத்தின் கிளையிலும் டோக்கோஃப்ரையா உட்காரும். ஒரே மரத்தில் இருவகைக் காய் என்று ஒரு மாணவர் படம் வரைந்து வந்தார். படம் சரி, அவை இரண்டு வெவ்வேறு உயிர்கள்.

கால் இருக்கிறது, முள் இருக்கிறது, உள்ளே ஏதோ மெல்லுகிறது. இதுவும் ஒட்டுயிரா?

ஆம், ஆனால் ஒற்றைச் செல் அல்ல, முழு விலங்கு. சக்கர உயிரி எனப்படும் ரோட்டிஃபர். டாஃப்னியா, மொய்னா ஓட்டில் தன் காலால் பற்றிக்கொண்டு போவதில் பேர்போனது பிராக்கியோனஸ் ரூபன்ஸ். முன்விளிம்பில் ஆறு முட்கள், நடுவே அரைத்துக்கொண்டேயிருக்கும் தாடை. தாடை தெரிந்தால் ரோட்டிஃபர், அவ்வளவுதான்.

ஒன்றும் சுழலவில்லை, நிறமும் இல்லை. வெறும் குழாய்கள், நூல்கள். பூஞ்சையா?

விலங்கு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதயம் நின்று, உடலைச் சுற்றிக் கிளைக்கும் நூல்கள் பஞ்சுபோல் படர்ந்திருந்தால், செத்ததை உண்ணவந்த நீர்ப்பூஞ்சை. உயிருள்ள டாஃப்னியாவின் கால்களிலும் வாலிலும், கிளைக்காத, குறுக்குச்சுவர் இல்லாத, சுருட்டுபோன்ற குழாய்கள் கொத்தாக நின்றால் அமீபிடியம். 1861-இல் ஷியென்கோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் விவரித்த உயிர் இது. நெடுங்காலம் பூஞ்சைகளோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு, விலங்குகளின் பக்கத்து உறவு என்று தெரிந்தது. இடம்கொடுத்த விலங்கு செத்தாலோ தோலுரித்தாலோ, குழாய்க்குள் இருப்பது துண்டு துண்டாகப் பிரிந்து அமீபாக்களாக ஊர்ந்து வெளியேறும். பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

பொன்பழுப்பாக, கண்ணாடி ஊசிபோல், ஒரு முனையில் ஒட்டி நின்றால் டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி.

வெளியே ஒட்டியிருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

நுண்ணோக்கியைக் குவியப்படுத்தும் நுண்திருகை மெல்லத் திருப்புங்கள். ஓட்டின் கோடுகளும் முட்களும் தெளியும்போதே அதுவும் தெளிந்தால் மேலே இருக்கிறது. ஓடு மங்கி, குடல் தெளியும்போது அது தெளிந்தால் உள்ளே. விலங்கின் விளிம்பில் பார்ப்பது இன்னும் நிச்சயம்.

உள்ளே இருப்பவையே நாம் தொடக்கத்தில் தள்ளிவைத்த உண்மையான ஒட்டுண்ணிகள். பாஸ்டூரியா ரமோசா என்ற பாக்டீரியா புகுந்த டாஃப்னியா முட்டையில்லாமல், உடல் மங்கிப் பருத்திருக்கும். மெட்ஷ்னிகோவியா என்ற ஈஸ்ட் புகுந்தால் உடலெங்கும் ஊசிபோன்ற வித்துகள் நிறைந்திருக்கும். 1884-இல் மெட்ஷ்னிகோவ் என்ற அறிவியலாளர் இந்த ஊசிகளை டாஃப்னியாவின் இரத்தச் செல்கள் சூழ்ந்து விழுங்குவதை விவரித்தார். உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்தைப் பற்றிய அவருடைய ஆய்வுக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் சிலைடில் இருப்பதுபோன்ற கண்ணாடி உடல் கிடைத்ததால்தான் அதைக் காண முடிந்தது.

நேற்று முழுக்க எபிஸ்டைலிஸ் இருந்தது. இன்று அதே டாஃப்னியாமேல் ஒன்றுகூட இல்லை. நான் தவறாகப் பார்த்தேனா?

சரியாகத்தான் பார்த்தீர்கள். டாஃப்னியா சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்த டாஃப்னியா இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தோலுரிக்கும். ஓடு போனால் அதில் ஊன்றிய அனைத்தும் போய்விடும். பாத்திரத்தின் அடியில் சொட்டுக்குழலை விட்டுத் தேடுங்கள், கழற்றிய சட்டை கிடைக்கும்.

ஒரு மழைநாள் அப்படி ஒரு சட்டை எனக்குக் கிடைத்தது. வெறும் ஓடு, கண் இல்லை, இதயம் இல்லை. ஆனால் அதன்மேல் எபிஸ்டைலிஸ் மரம் ஒன்று, ஒன்றும் நடவாததுபோல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒரு மணிநேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிகள் ஒவ்வொன்றாக வாயை மூடி, பீப்பாய்போல் குறுகின. அடிப்பாகத்தில், காம்புக்குச் சற்று மேலே, புதிதாக ஒரு குறுஇழை வளையம் துடிக்கத் தொடங்கியது. பிறகு ஒன்று காம்பிலிருந்து கழன்று, சுழன்றுகொண்டே வட்டத்தை விட்டு வெளியேறியது. புது இடம் தேடிப்போகும் நீச்சல் வடிவம் அது. கடைசியில் காம்புகள் மட்டும் இலையுதிர்ந்த கிளைகள்போல் நின்றன. தண்ணீரில் காம்பில்லாத பீப்பாய் ஒன்று சுற்றி வந்தால், அதைப் புது உயிர் என்று எழுதிவிடாதீர்கள்.

அப்படியானால் சைக்ளாப்ஸ்மேல் மட்டும் ஏன் இவ்வளவு அப்பிக்கிடக்கிறது?

சைக்ளாப்ஸ் நாப்ளியஸ் எனப்படும் ஆறு குஞ்சுப் பருவம், கோப்பிபோடிட் எனப்படும் ஐந்து இளம்பருவம் கடந்து முதிர்ச்சி அடையும்வரை தோலுரிக்கும். அதன் பிறகு உரிக்காது. முதிர்ந்த ஆஸ்ட்ரகாடும் அப்படியே. எனவே வந்து ஊன்றியவை அங்கேயே தங்கிப் பெருகும். நிறையச் சுமக்கும் சைக்ளாப்ஸ் பெரும்பாலும் வயதானது. இரண்டு விலங்குகளின் சுமையை ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டு, இந்தக் குளம் அழுக்கு, அந்தக் குளம் சுத்தம் என்று முடிவுகட்டக் கூடாது.

ஆன்ட்டி, அதற்குப் பாவம் இல்லையா? இவ்வளவு பேரைச் சுமந்தால் வலிக்காதா?

ஓட்டுக்கு உணர்ச்சி இல்லை. ஊன்றுவது வலிக்காது. பாரம் உண்டு. நிறையப் பேர் ஏறினால் நீந்த அதிக உழைப்பு வேண்டும், மூழ்கும் வேகம் கூடும். பச்சை கோலேசியம் அப்பிய விலங்கு மீன் கண்ணுக்கு எளிதில் படும் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பிராக்கியோனஸ் ரூபன்ஸ் போன்றவை அதே தண்ணீரிலுள்ள அதே பாசியைத் தின்பதால் பங்காளிகளும்கூட. நாலைந்து மணிகள் மட்டும் இருந்தால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட பையன், பார்த்து முடித்ததும் தண்ணீர் விட்டு சிலைடைக் கழுவித் தாமரைத் தொட்டியிலேயே திருப்பி விட்டான். எல்லாரும் அப்படியே செய்யுங்கள்.

எங்கள் சம்ப்பில் சைக்ளாப்ஸ் இருக்கிறது, மேலே வார்ட்டிசெல்லாவும் இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டோமே?

வார்ட்டிசெல்லா மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் சைக்ளாப்ஸ் இருக்கிறது என்றால் திறந்த நீர் வடிகட்டாமல் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். சம்ப்பைக் கழுவி மூடியைச் சரிசெய்யுங்கள், காய்ச்சிக் குடியுங்கள். சைக்ளாப்ஸுக்கு உள்ளே இருந்து பரவிய நரம்புச் சிலந்தி நோயை நினைத்துப் பெரியவர்கள் பயப்படுவார்கள். அந்த நோய் இந்தியாவில் கடைசியாக 1996-இல் கண்டது, 2000-இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது.

காலராக் கிருமி இந்தச் சிற்றுயிர்களின் ஓட்டில் ஒட்டி வாழும் என்பது உண்மை. வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலைத் துணியை நான்காக மடித்து வடிகட்டியதில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003-இல் வெளியிட்டார்கள். ஆனால் அந்தக் கிருமியை நம் நுண்ணோக்கியில் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. காலரா தெரிகிறதா என்று யாரும் படம் அனுப்ப வேண்டாம். ஏரித் தண்ணீர் எடுக்கும்போது கயிறு கட்டிய பாட்டிலை விட்டு எடுங்கள், இறங்காதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கல்லூரியில் ஃபார்மலினில் போட்டு வைத்த மாதிரிதான் இருக்கிறது. தட்டிப் பார்க்க முடியாதே?

முடியாது. செத்த பிறகு எல்லாக் காம்பும் அசைவற்றதுதான். வார்ட்டிசெல்லாவும் எபிஸ்டைலிஸ்போல் நிற்கும். இங்கே காம்பின் உள்ளே பாருங்கள். 40 மடங்கில், வெளிச்சத்தைக் குறைத்து, காம்பின் நடுவே இழை ஓடுகிறதா, கிளை பிரியும் இடத்தில் அறுபடுகிறதா, தொடர்கிறதா என்று தேடினால், எபிஸ்டைலிஸ், கார்சீசியம், சூதாம்னியம் மூன்றையும் பிரித்துவிடலாம். மணிகள் கழன்று காம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அதையும் எழுதுங்கள், மணி இல்லை என்று.

நிறத்தை நம்பாதீர்கள். ஃபார்மலினில் பச்சை வெளுக்கும், அயோடினில் பாதுகாத்தால் எல்லாமே பழுப்பாகும். மாதிரி எடுத்த அன்றே, மருந்து ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு உயிரோடு பார்த்து நிறத்தைக் குறித்து வைப்பதுதான் வழி.

போட்டிக்கு அனுப்ப வேண்டும். முழு இனப்பெயரும் சொல்லுங்கள்.

பெரும்பாலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எபிஸ்டைலிஸ், வார்ட்டிசெல்லா இரண்டிலும் இனங்கள் ஏராளம். உடலின் மேற்பரப்புக் கோடுகளை வெள்ளி உப்பால் சாயமேற்றி எண்ணியும், உட்கருவின் வடிவைப் பார்த்தும் பிரிக்க வேண்டியவை அவை. மொட்டைமாடியில் பேரினத்தோடு நிறுத்துவதே நேர்மை. எபிஸ்டைலிஸ், இனம் தெரியவில்லை என்று எழுதினால் எந்த நடுவரும் மதிப்பெண் குறைக்கக் கூடாது. குறைத்தால் அவர் சொல்வதுதான் தவறு.

பெயரைவிடப் பயன்படுவது குறிப்பு. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி சென்ற மாதம் எழுதியதை அவள் அனுமதியோடு தருகிறேன்: "தாமரைத் தொட்டி, காலை 8 மணி, மழைக்கு மறுநாள். மொய்னா 20 பார்த்தேன், 13-இல் ஒட்டுயிர். காம்பு கிளைத்தது, தட்டியபோது காம்பு அசையவில்லை, மணி மட்டும் சுருங்கியது. நிறமில்லை. ஓட்டின் பின்பாதியில் அதிகம், தலையில் இரண்டே. ஒரு மரத்தில் அதிகபட்சம் 9 மணி. எபிஸ்டைலிஸ் என்று நினைக்கிறேன். ஒன்றில் மட்டும் காம்புக்குள் கோடுபோல் தெரிந்தது, அதை நாளை மறுபடி பார்க்க வேண்டும்."